நெல்லிக்கனிக்குப் பிறகு

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குச் சென்றிருந்தேன். சேலத்தில் தமிழ் கற்பிப்பவர்களுக்கு இது ஏறக்குறைய ஆண்டுதோறும் வாய்க்கும் கடமை. சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு மூதாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பெருநெல்லிகளைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். மாணவர்கள் வாங்கித் தின்றார்கள். ஒருவன் ஒரு கனியை என்னிடம் நீட்டி, “அதியமான் கனி ஐயா, நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும்” என்றான். எல்லோரும் சிரித்தோம். அப்போது, மலைக்கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, சிரிக்காமல் கேட்டாள்: “ஐயா, நெல்லிக்கனி கொடுத்த பிறகு அவர் என்ன ஆனார்?”

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. விடை தெரியாமல் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக அதியமானை நடத்தியவன் நான். ‘அதியமானின் கொடைச்சிறப்பை விளக்குக’ என்று எத்தனையோ வினாத்தாள்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் அவன் என்ன ஆனான் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. என்னிடமும் எவரும் கேட்டதில்லை. நாங்கள் நின்றிருந்த மலையின் வடக்குச் சரிவு இறங்குவது தருமபுரி மாவட்டத்தில். அதியமானின் தகடூர் என்று ஆய்வாளர்கள் ஒருமனதாகச் சொல்லும் ஊர் அதுதான். அவனுடைய வாசலில் நின்றுகொண்டு அவனுடைய கனியைத் தின்றுகொண்டிருந்த எங்களுக்கு அவனுடைய முடிவு பாடத்திட்டத்திற்கு வெளியில் இருந்தது.

அந்த மாணவிக்குச் சொன்ன விடையையும், மலையிறங்கும்போது சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

*

அவன் போரில் இறந்தான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்தான். அதனாலேயே அவன் ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழி பெற்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவன் புகழைப் பாடுவது. பாடியவர் அரிசில் கிழார். அதே அரிசில் கிழார், தகடூரில் வீழ்ந்த அதியமான் எழினிக்காகப் புறநானூற்றில் கையறுநிலைப் பாடல் ஒன்றும் பாடியிருக்கிறார் (புறம். 230). விதைநெல்லைத் தின்றுவிட்ட வறிய உழவனோடு கூற்றுவனை ஒப்பிட்டு இரங்கும் பாட்டு அது. வென்றவனுக்கு ஒரு பத்து, வீழ்ந்தவனுக்கு ஒரு பாட்டு. இரண்டும் ஒரே புலவரின் வாயிலிருந்து. இந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். நாம் நடத்துவதில்லை.

அந்தப் போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்று உரையும் பாட்டும் கலந்த தனி நூலே இருந்தது. இன்று அது இல்லை. நச்சினார்க்கினியரின் தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டிலுமாகச் சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. தகடூரில் வீழ்ந்தவன் ஔவையின் நண்பனான நெடுமான் அஞ்சியா, எழினி என்ற மற்றொருவனா என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அக்குடியில் அஞ்சி, எழினி என்ற பெயர்கள் மாறி மாறி வருகின்றன; அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. எந்த எழினி எவன் என்று பிரித்தறிய, எஞ்சிய பாடல்களும் அவற்றின் கொளுக்களுமே நமக்குத் துணை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடையெழு வள்ளல்கள் என்று நாம் பட்டியலிடும் எழுவரில் மூவர் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். கொல்லிமலைக்கு ஓரி, கோவலூருக்கு மலையமான் திருமுடிக்காரி, தகடூருக்கு அதியமான். சேர்வராயன் மலையில் நின்றால் இந்த மூவரின் நாடுகளும் நம்மைச் சுற்றித்தான் கிடக்கின்றன. ஆனால் இந்த மூவரும் கைகோத்து நின்று கொடை வழங்கியவர்கள் அல்லர். அதியமான் காரியின் கோவலூரை வென்றான். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். சேரன் அதியமானின் தகடூரை அழித்தான். வள்ளல்கள் மூவரும் ஒருவர் அழிவில் மற்றவர் பங்குபெற்றுத் தாமும் அழிந்தார்கள். இறுதியில் வளர்ந்தது பெருவேந்தனின் நாடு. பாடப்புத்தகத்தின் வள்ளல் பட்டியல் இந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டு, மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர், ஔவைக்கு நெல்லி என்று ஒரு பரிசுக்கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

கொடையைப் பற்றியேகூட நாம் முழுமையாகச் சொல்வதில்லை. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, வாயிற்காவலனை விளித்து ஔவை சினந்து பாடிய பாட்டு இருக்கிறது (புறம். 206). நேரில் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பியபோது, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று மறுத்த பெருஞ்சித்திரனாரின் பாட்டும் இருக்கிறது (புறம். 208). காத்திருக்க வைத்தவன், முகம் காட்டாதவன், பின்னர் அதே ஔவையைத் தொண்டைமானிடம் தூதாக அனுப்பியவன். மனிதன் என்றால் இப்படித்தான் இருப்பான். நெல்லிக்கனியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மனிதனை நாம் துரத்திவிட்டோம்.

*

மாணவி கேட்டது ஒருவனைப் பற்றி. அவனுடைய குடி என்ன ஆனது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பாடப்புத்தகத்தைப் படிப்பவருக்கு அதியர் என்றால் ஒரே ஒரு மனிதன், ஒரே ஒரு மாலைப்பொழுது, ஒரே ஒரு கனி. கல்வெட்டுகளைப் படிப்பவருக்கோ அது ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பெயர் தொடரும் ஒரு குடி.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்தது பற்றியும், மூலிகைகளை நடச்செய்தது பற்றியும் சொல்கிறார். அந்த அறம் சென்றடைந்த எல்லைப்புற நாடுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நால்வர் தெற்கில் வருகிறார்கள். மூவரை எல்லோருக்கும் தெரிந்தது. நான்காமவர் யார் என்பதில் நெடுங்காலம் வாதம் நடந்தது. சத்தியமங்கலம் என்றனர் சிலர். காஞ்சி என்றனர் சிலர். வாய்மை தவறாத கோசர் என்றனர் சிலர். கே. ஜி. சேஷையர் போன்றவர்கள் அதியமான் என்றனர். கேரளபுத்திரன் சேரமான் ஆவதுபோலச் சத்தியபுத்திரன் அதியமான் ஆகலாம் என்பது மொழியியல் வழி ஏற்கத்தக்கதே. புத்திரன் என்பதற்கு மகன்; மகன் என்பது மான் எனத் திரியும்; தமிழில் தொடக்கத்துச் சகரம் கெடுவதும் உண்டு. ஆனாலும் அது ஊகமாகவே நின்றது.

1981ஆம் ஆண்டு திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில், சமண முனிவர்களுக்கு உரியதான ஒரு குகைத்தளத்தில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாழியைக் கொடுத்தவன் பெயரை அது சொல்கிறது: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி. பிராகிருதப் பட்டமும் தமிழ்க் குடிப்பெயரும் புறநானூற்றுப் பெயரும் ஒரே வரியில். அதன் உண்மைத்தன்மை பற்றி ஐயம் எழுப்பியவர்களும் உண்டு; ஐராவதம் மகாதேவன் அதை ஏற்றுத் தம் தொகுப்பில் சேர்த்து, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதினார். அதியமான் கோவலூரை வென்றதையும் அதைப் பரணர் பாடியதையும் ஔவை பாடுகிறார் (புறம். 99). கல்வெட்டு கிடைத்த ஜம்பை அந்தக் கோவலூர் வட்டாரத்திலேயே இருக்கிறது. பாட்டும் கல்லும் இவ்வளவு நெருங்கி வந்து நிற்பது சங்க இலக்கியத்தில் அரிய நிகழ்ச்சி.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. அசோகரின் பட்டியலில் மூவேந்தர் இல்லை, நால்வர் இருக்கிறார்கள். ‘குறுநில மன்னன்’ என்று நாம் வகுப்பறையில் அறிமுகப்படுத்தும் அதியமானின் முன்னோர், சோழ பாண்டியரோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர்கள். குறுநிலம் என்பது அவர்கள் பிறந்தபோது வாங்கிய பெயர் அன்று. தோற்ற பிறகு நாம் கொடுத்த பெயர்.

தகடூர் வீழ்ந்த பின்னரும் அந்தப் பெயர் அழியவில்லை. எட்டாம் நூற்றாண்டளவில் நாமக்கல் மலையில் குடையப்பட்ட குகைக் கோயில், அதியர் குலத்துக் குணசீலன் பெயரோடு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டில் குறிக்கப்படுகிறது. சுற்றுலாவுக்கு நாமக்கல் சென்று நரசிம்மரையும் அரங்கநாதரையும் வணங்கிவரும் நம்மில் எத்தனை பேர், நெல்லிக்கனி தந்தவனின் குடிப்பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதை அறிவோம்? அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரியின் வடகரையில் அதியனை வென்றதாகச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் கேரளனும் வந்தார்களாம். ஒரு சிற்றரசனுக்காக இரண்டு பேரரசுகள் படை நடத்தின என்றால் அவன் அமர்ந்திருந்த இடத்தின் மதிப்பை நாம் உணரலாம். கொங்குக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் தொண்டை நாட்டுக்கும் இடைப்பட்ட கணவாய்கள் அவன் கையில் இருந்தன.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழருக்காகத் தலைக்காட்டைக் காத்து நின்றவன் ஓர் அதியமான். 1116ஆம் ஆண்டை ஒட்டி, போசள விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் கங்கராஜன் அவனை வென்று தலைக்காட்டைக் கைப்பற்றினான். அதன் பிறகும் குடி முடியவில்லை. போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனான விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான், தன் முன்னோனாகிய எழினி முன்பு நிறுவிய இயக்கன், இயக்கி திருவுருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு பொறித்திருக்கிறான். தமிழிலும் வடமொழியிலும் பொறிக்கப்பட்ட அச்செய்தியில், எழினி என்ற பெயர் வடமொழியில் யவனிகா என்று பெயர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் திரை என்று பொருள். தகடூர் வீழ்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, எழினி என்ற பெயரையும் அதன் பொருளையும் ஒரு குடி மறக்காமல் வைத்திருந்தது.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு விந்தையும் உண்டு. எழினி அங்கே சேரர் வழியினனாகச் சொல்லப்படுகிறான். தகடூரை எரித்தவனின் குலப்பெயரை, எரிந்தவர்களின் வழித்தோன்றல் பெருமையோடு சூடிக்கொள்கிறான். அதியமான் பனம்பூ மாலை அணிந்தவன் என்று ஔவை பாடியிருப்பதால், இரு குடிகளுக்கும் பழைய உறவு இருந்திருக்கலாம் என்பர். இருக்கலாம். சிறிய குடிகள் பெரிய பெயர்களின் நிழலில் ஒதுங்கித்தான் பிழைத்தன என்பதும் உண்மை. பல்லவனோடும் பின்னர்ச் சோழனோடும் நின்று, சோழனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு (விடுகாதழகிய பெருமாளின் தந்தை பெயர் இராசராச அதிகன்), வளைந்தும் நெளிந்தும் அந்தக் குடி வாழ்ந்தது. கோட்டை வாயிலில் மடிந்த அஞ்சியை நமக்குப் பிடிக்கிறது. வளைந்து வாழ்ந்த அவன் பேரர்களை நமக்குப் பிடிக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளை ஒரு கனிக்குள் அடைத்ததற்கு இது முதற் காரணம் என்று நினைக்கிறேன்.

*

இந்த இடத்தில் சற்றுத் தொலைவுக்குப் போய்வர வேண்டும். ஜெர்மனியில் துரிங்கியா பகுதியில் ரோய்ஸ் என்றொரு குடி இருந்தது. பேரரசனின் அதிகாரிகளாகத் தொடங்கிச் சிற்றரசர்களாக வளர்ந்தவர்கள். 1673இல் பேரரசின் கோமகன்கள் என்ற பட்டம் பெற்றார்கள். பின்னர் இளவரசர்களாகி, 1918இல் முடிதுறந்தார்கள். அவர்களின் நாடு எவ்வளவு பெரியது? மூத்த கிளையின் கிரைட்ஸ் நாடு ஏறத்தாழ 317 சதுர கிலோமீட்டர். நம் ஏற்காடு வட்டமே ஏறத்தாழ 383 சதுர கிலோமீட்டர். ஏற்காட்டைவிடச் சிறிய நாடு அது.

அந்தக் குடியில் பிறந்த ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். பேரரசன் ஆறாம் ஹைன்ரிக்கிற்கு நன்றியாகத் தொடங்கிய வழக்கம் என்பார்கள். ஒரே பெயர் என்பதால் எண் கொடுத்தார்கள். மூத்த கிளையில் நூறு வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். இளைய கிளையில் நூற்றாண்டுக்கு ஒரு முறை எண் புதிதாகத் தொடங்கும். 1848இல் முடிதுறந்த ஒருவர் எழுபத்திரண்டாம் ஹைன்ரிக். நகைப்புக்குரியதுதான். ஆனால் அந்த எழுபத்திரண்டு பேரையும் ஒருவர் விடாமல் எண்ணிச் சொல்ல முடிகிறது. நமக்கோ இரண்டு எழினிகளைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இலக்கிய நண்பர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி. அந்தக் குடியில் கெரா என்ற சிற்றூர் நாட்டை ஆண்ட ஹைன்ரிக் ஒருவர் 1635இல் இறந்தார். தம் சவப்பெட்டியின் மீது பொறிக்க வேண்டிய விவிலிய வசனங்களை அவர் உயிரோடிருக்கும்போதே தேர்ந்து வைத்திருந்தார். அவர் நாட்டில் பிறந்த இசைமேதை ஹைன்ரிக் ஷூட்ஸ் அந்த வசனங்களுக்கு இசையமைத்து, 1636ஆம் ஆண்டின் இறுதிச் சடங்கில் இசைக்கச் செய்தார். ஜெர்மானிய இசையின் பெரும் படைப்புகளில் ஒன்றாக அது இன்றும் உலகெங்கும் இசைக்கப்படுகிறது. நம்முடைய கையறுநிலையும் இதுதானே? ஒரு சிற்றரசன் இறக்கிறான், அவனைவிடப் பெரிய கலைஞன் ஒருவன் இரங்குகிறான், இரங்கல் நிலைக்கிறது. ஆனால் ஷூட்ஸின் இசையைக் கேட்பவருக்கு, அந்த மனிதர் எந்த ஊரை ஆண்டார், என்ன செய்தார், அவர் மக்கள் என்ன ஆனார்கள் என்று தேடினால் விடை கிடைக்கும். அரிசில் கிழாரின் பாட்டைப் படிப்பவருக்கு அடிக்குறிப்பில் ‘ஒரு குறுநில மன்னன்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் கிடைப்பது அரிது.

ஜெர்மானியர் நம்மைவிட வரலாற்றுணர்வு மிக்கவர்கள், ஆகவே காப்பாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நம்மவர்களிடம் வழக்கமாகிவிட்ட தாழ்வுணர்ச்சி. அங்கே 1495இல் பேரரசின் உயர்நீதிமன்றம் ஏற்பட்டது. பக்கத்து நாட்டோடு எல்லைத் தகராறு, தம்பியோடு பாகத் தகராறு என்று ஒவ்வொரு சிறு குடியும் அங்கே வழக்காடியது. வழக்கில் வெல்ல ஆவணம் வேண்டும். எனவே ஆவணத்தைக் காத்தார்கள். உரிமைக்காகச் சேர்த்த தாள்கள் பின்னாளில் வரலாறாயின. இங்கே சிறு குடிகளின் எழுத்து இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று ஓலை, ஈரத்துக்கும் செல்லுக்கும் அது தாங்குவது இருநூறு முந்நூறு ஆண்டுகள். மற்றொன்று கோயிற் கல். கல் நின்றது. ஆனால் கடவுளுக்குக் கொடுத்ததை மட்டுமே கல் சொல்லும். கொடுத்தவனின் வாழ்க்கையைச் சொல்லாது.

கல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. சிற்றரசன் தன் கொடையைப் பொறிக்கும்போது ஆண்டுக்கணக்கைப் பேரரசனின் ஆட்சியாண்டில் குறிப்பான். சோழன் இன்னானுக்கு இத்தனையாவது ஆண்டு என்று தொடங்கும் கல்வெட்டு, பின்னாளில் அறிக்கையாக அச்சேறும்போது சோழர் என்ற தலைப்பின்கீழ் போய் அமர்ந்துவிடும். ஒரு குடியின் கற்கள் சோழர், பாண்டியர், பல்லவர், போசளர் என்று நான்கு அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதியர் என்றொரு குடி கண்ணுக்குத் தெரியும். அறிஞர்கள் சிலர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்களின் உழைப்பு தமிழ் இலக்கிய வகுப்பறைக்குள் வரவில்லை. வரலாற்றுத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் இடையே எங்கள் கல்லூரியில் ஒரு தாழ்வாரம்தான் இருக்கிறது. அதைக் கடக்க எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

*

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: மன்னர் கதைகள் போதாதா, இன்னும் சிற்றரசர் கதைகளும் வேண்டுமா, மக்கள் வரலாறு அல்லவா வேண்டும்? நியாயமான கேள்வி. என் விடை, சிற்றரசனின் வரலாறே மக்கள் வரலாற்றுக்கு மிக அருகில் இருக்கும் வாசல் என்பது. தஞ்சையின் பேரரசனைப் பற்றிப் படித்துத் தருமபுரியின் ஆயர் வாழ்வை அறிய முடியாது. ஆனால் 1970களில் தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்ட செங்கம், தருமபுரி நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு இறந்த எளிய வீரர்கள், ஊர்ப்பெயரோடும் தலைவன் பெயரோடும் அங்கே நிற்கிறார்கள். பேரரசன் அங்கே ஓர் ஆண்டுக்கணக்கு மட்டுமே. அதியமான் இறந்த பின் நடுகல்லில் கள் படைத்ததை ஔவை பாடிய நிலமும் இதுதான் (புறம். 232). இலக்கியத்தில் அரசனுக்கு நட்ட கல்லையும் வயற்காட்டில் ஆயனுக்கு நட்ட கல்லையும் சேர்த்துக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான நாடு வேறில்லை.

இரண்டாவது: இப்படித் தோண்டினால், அவன் எங்கள் சாதிக்காரன் என்று யாரேனும் கொடி பிடிப்பார்கள். உண்மை, பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு வழி விட்டதே நம் மௌனம்தான். சமண முனிவர்க்குப் பாழி கொடுத்தவன், விஷ்ணுவுக்குக் குகை குடைந்தவன், இயக்கியைப் புதுப்பித்தவன், சேரனிடம் தோற்றவன், சேரன் மரபைச் சூடியவன் என்று குழப்பமும் முரணுமாக ஒரு முழு வரலாறு முன்னால் இருந்தால், அதை எந்தக் கொடியிலும் எளிதில் சுற்ற முடியாது. கொடியில் சுற்றத் தோதானது நெல்லிக்கனிதான். சிறியது, உருண்டையானது, முரண் அற்றது.

*

மலையிறங்கும்போது அந்த மாணவி இன்னொன்று கேட்டாள். “எங்கள் மலைக்கு யார் ஐயா ராசா?”

அவள் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆளும் மக்கள் என்பதே பொருள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் மரபுக்கதை. நாடு, பட்டக்காரர், மூப்பன் என்று தங்களுக்கென ஓர் ஆட்சிமுறையை வைத்திருந்தவர்கள். ஆனால் ஏற்காட்டைப் பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும், வரலாறு 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச்செடி கொண்டுவந்ததிலிருந்துதான் தொடங்குகிறது. கீழே சமவெளியில் ஒரு நெல்லிக்கனி. மேலே மலையில் ஒரு காப்பிச்செடி. இரண்டுக்கும் நடுவில் இருந்த மனிதர்களை நாம் எழுதவில்லை.

சேர்வராயன் மலையை அதியர் ஆண்டார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு என்னிடம் கல்லும் இல்லை, ஓலையும் இல்லை. “உங்கள் பட்டக்காரர்களின் பெயர்களைத் தாத்தாவிடம் கேட்டு எழுதி வாம்மா, அதிலிருந்து தொடங்குவோம்” என்றேன். அடுத்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஐந்து தலைமுறைப் பெயர்களோடு வந்தாள். அதில் ஒரே பெயர் மூன்று முறை வந்திருந்தது. பிரித்தறிவதற்காக, பெயருக்குப் பக்கத்தில் அவளே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தாள்.

இந்த ஆண்டு வினாத்தாளில் ‘அதியமானின் கொடைச்சிறப்பை விளக்குக’ என்ற வினாவை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எழுதியது: ‘நெல்லிக்கனி கொடுத்த பிறகு அதியர் குடி என்ன ஆனது? கல்வெட்டுச் சான்றுகளுடன் விளக்குக.’ துறையில் சிலருக்கு வருத்தம். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்கலாமா என்கிறார்கள். பாடத்திட்டத்தில் ஏன் இல்லை என்று அவர்களும் கேட்கத் தொடங்கினால் எனக்குப் போதும்.